புரூக்ளின் இழந்த ஆட்டக் குழு

ஒரு விளையாட்டுக் குழு எவருக்கு உரியது? பணம் கொடுத்து வாங்கியவருக்கு உரியது என்று சட்டம் கூறும். வெயிலென்றும் குளிரென்றும் பாராது மைதானத்து வாங்குகளில் அமர்ந்து, தோல்வி மேல் தோல்வி வந்தபோதும் கைவிடாது நின்ற ஊராருக்கு உரியது என்று நெஞ்சம் கூறும். இவ்விரு விடைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட வரலாறொன்று ஐக்கிய அமெரிக்காவிலே உண்டு. அது நியூயோர்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் வாழ்ந்து, 1957ஆம் ஆண்டில் அவ்வூரை விட்டகன்ற டொட்ஜர்ஸ் என்னும் பேஸ்போல் குழுவின் வரலாறு.

பேஸ்போல், கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்தோர் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கது. ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் உருண்டை வடிவான துடுப்பினால் அதை அடிப்பார். அடித்தவர் இரண்டு விக்கெட்டுகளுக்கிடையே ஓடுவதில்லை. வைர வடிவில் அமைந்த தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட தளத்தையே மீண்டும் வந்தடைந்தால்தான் ஓர் ஓட்டம் கணக்கில் ஏறும். அந்நாட்டின் தொழில்முறைக் குழுக்கள் இரண்டு பெரும் லீக்குகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஆண்டின் இறுதியில் இரு லீக்குகளின் வெற்றிக் குழுக்களும் மோதுகின்ற போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயர்.

புரூக்ளின் ஒரு காலத்தில் தனி நகரமாக விளங்கியது. 1898ஆம் ஆண்டிலே அது நியூயோர்க் மாநகருடன் இணைக்கப்பட்டது. தனி நகரம் என்னும் தகுதியை இழந்த மக்களுக்கு, தமதென்று சொல்லிக்கொள்ள எஞ்சியவற்றுள் 1883இல் தோன்றிய அந்தப் பேஸ்போல் குழுவும் ஒன்று. அதன் பெயரே ஊரின் தெருக்களிலிருந்து பிறந்தது. மின்சார டிராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிய அந்த ஊரில், அவற்றிற்கு அகப்படாது விலகி விலகி நடப்பது மக்களின் அன்றாட வழக்கமாயிற்று. விலகி ஓடுவோர் என்னும் பொருள்பட 'டொட்ஜர்ஸ்' என்று பிறர் நகையாடியதையே குழு தன் பெயராக்கிக் கொண்டது.

குழுவின் உரிமையாளராகிய சார்ள்ஸ் எபெட்ஸ், குப்பை கொட்டும் இடமாயிருந்த நிலத்தைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து, அங்கே ஒரு மைதானத்தை எழுப்பினார். கட்டடச் செலவைத் தாங்க இயலாது, குழுவின் பாதி உரிமையை வேறிருவருக்கு விற்கவும் நேர்ந்தது. 1913இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் மைதானத்தின் நுழைவாயில், சலவைக்கல் பதித்த வட்ட மண்டபமாக விளங்கிற்று. துடுப்புகளும் பந்துகளும் தொங்குவதுபோல் அமைந்த சரவிளக்கு அம்மண்டபத்தை அணி செய்தது. பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட பின்னரும் ஏறக்குறைய 32,000 பேரே அமரக்கூடிய சிறிய மைதானம் அது. ஆட்டக்காரரின் முகபாவத்தைப் பார்வையாளர் காணலாம். பார்வையாளரின் வசை மொழியை ஆட்டக்காரர் கேட்கலாம். மைதானத்து மதிலில் ஒரு தையற்கடைக்காரர் விளம்பரப் பலகை வைத்திருந்தார். பந்தினால் அப்பலகையை அடிப்பவருக்கு ஓர் உடுப்பு இலவசம் என்பது அதன் வாசகம்.

இவ்வளவு அன்பு பெற்ற குழு வெற்றி பெற்றதா என்றால், இல்லை. 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஏழு ஆண்டுகளிலும் உலகத் தொடர்வரை சென்று, ஏழு முறையும் தோற்றுத் திரும்பியது. அவற்றுள் ஐந்து தோல்விகள் அதே மாநகரைச் சேர்ந்த, செல்வச் செழிப்பு மிக்க யாங்கீஸ் குழுவிடம் அடைந்தவை. 1951ஆம் ஆண்டிலோ, உலகத் தொடரின் வாயிலில் நின்றபோது, ஜயன்ட்ஸ் குழுவின் பொபி தொம்சன் இறுதிக் கட்டத்தில் அடித்த ஒரே அடியால் வாய்ப்புப் பறிபோயிற்று. அவர் அடித்த அந்தப் பந்து எங்கே போயிற்று என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஜயன்ட்ஸ் குழுவினர் அவ்வாண்டில் தொலைநோக்கி கொண்டு எதிரணியின் சைகைகளைக் களவாக அறிந்து வந்தனர் என்னும் உண்மை, ஐம்பது ஆண்டுகள் கழிந்து 2001ஆம் ஆண்டிலேதான் பத்திரிகை வாயிலாக உலகறிய வெளிவந்தது. ஒவ்வொரு தோல்வியின் பின்னும் புரூக்ளின் மக்கள் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று கூறித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டனர். அச்சொற்றொடர் நாளடைவில் அவ்வூரின் பழமொழியாகவே ஆகிவிட்டது.

வானொலி நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் இவ்விடத்திலே உண்டு. வீட்டிலிருந்தே ஆட்டத்தைக் கேட்கலாமென்றால் மைதானத்திற்கு எவரும் வரமாட்டார் என்று அஞ்சி, நியூயோர்க்கின் மூன்று குழுக்களும் நேர்முக வருணனையைத் தடுத்து வைத்திருந்தன. 1939ஆம் ஆண்டில் புரூக்ளின் குழுவே அந்தத் தடையை முதலில் உடைத்தது. தென்மாநிலத்தவரான ரெட் பார்பரின் நிதானமான குரல் வீடுதோறும் ஒலித்தது. ஆட்டத்தையே பாராத இல்லத்தரசிகளும் முதியோரும் ஆட்டக்காரரைத் தம் வீட்டுப் பிள்ளைகள்போல் அறியலாயினர். அஞ்சியதற்கு மாறாக, மைதானத்திற்கு வருவோர் தொகையும் பெருகிற்று.

இக்குழுவின் பெயரை விளையாட்டு வரலாற்றின் எல்லையைத் தாண்டி மானிட வரலாற்றில் பதித்த நிகழ்ச்சி 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நடைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, கறுப்பினத்தவர் எவரும் பெரும் லீக்குகளில் ஆட இடமளிக்கப்படவில்லை. எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. உரிமையாளர்களின் வாய்மொழியற்ற உடன்பாடே சட்டமாக நின்றது. கறுப்பினத்து வீரர்கள் தமக்கென அமைந்த நீக்ரோ லீக்குகளிலே ஆடி வந்தனர். டொட்ஜர்ஸ் குழுவின் நிருவாகியாகிய பிராஞ்ச் ரிக்கி இத்தடையை உடைக்கத் துணிந்தார். அவர் தெரிந்தெடுத்தவர் ஜாக்கி ரொபின்சன் என்னும் இளைஞர். இராணுவத்திலே பணியாற்றியபோது, பேருந்தின் பின்பக்கம் செல்லுமாறு இட்ட கட்டளையை மறுத்து, 1944இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவரென விடுதலை பெற்றவர் அவர். அத்தகைய தன்மானம் உடையவரிடம் ரிக்கி 1945இல் கேட்டது, திருப்பி அடிக்கும் துணிவையன்று. திருப்பி அடியாதிருக்கும் துணிவையே.

ரொபின்சன் அவ்வாறே வாக்களித்தார். அவ்வாக்கைக் காப்பதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. சொந்தக் குழுவினருள்ளேயே சிலர் அவருடன் ஆட மாட்டோமென்று விண்ணப்பம் எழுதினர். எதிரணியினர் இழிசொற்களைப் பொழிந்தனர். பந்தெறிவோர் அவருடைய உடலையே குறி வைத்தனர். விடுதிகள் அவருக்கு இடம் மறுத்தன. எல்லாவற்றிற்கும் அவர் ஆட்டத்தினாலேயே மறுமொழி அளித்தார். அவ்வாண்டின் சிறந்த புதிய வீரர் என்னும் விருதையும், 1949இல் தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருதையும் பெற்றார். அவர் திறந்த வாயிலினூடே ரோய் கம்பனெல்லா, டொன் நியூகம் முதலியோர் அதே குழுவுக்கு வந்து சேர்ந்தனர். ஆயினும் பெரும் லீக்கின் எல்லாக் குழுக்களும் கறுப்பினத்தவரை ஏற்பதற்கு 1959ஆம் ஆண்டுவரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

1955ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் புரூக்ளின் மக்களின் அடுத்த ஆண்டு ஒருவாறு வந்து சேர்ந்தது. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இருபத்து மூன்று வயதே நிரம்பிய ஜோனி பொட்றஸ், யாங்கீஸ் குழுவுக்கு ஓர் ஓட்டமும் கொடாது பந்தெறிந்தார். ஆறாவது சுற்றிலே கியூபா நாட்டவரான சாண்டி அமோரஸ் எல்லைக்கோட்டருகே நெடுந்தூரம் ஓடிப் பிடித்த பந்து ஆட்டத்தையே காத்தது. இரண்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் டொட்ஜர்ஸ் வென்றது. புரூக்ளினுக்கு அக்குழு ஈட்டித் தந்த உலகத் தொடர் வெற்றி அது ஒன்றே.

இரண்டே ஆண்டுகளில் குழு ஊரை நீங்கியது. ஏன் நீங்கியது என்பது இன்றும் வாதத்துக்குரியது. உரிமையாளர் வோல்ட்டர் ஓமாலி, மைதானம் பழமையடைந்துவிட்டதென்றும், ஏறக்குறைய 700 மோட்டார் வண்டிகளுக்கே அங்கு இடமுண்டென்றும் முறையிட்டார். புரூக்ளினின் புகையிரத நிலையத்தருகே புதிய மைதானம் கட்ட அவர் விரும்பினார். அதற்கான நிலத்தை அரசாங்க அதிகாரத்தினால் எடுத்துத் தர வேண்டுமென்று கேட்டார். மாநகரத் திட்டங்களிலே பேரதிகாரம் செலுத்திய ரொபர்ட் மோசஸ், தனியார் இலாபத்துக்காக அவ்வாறு செய்வது முறையன்றென மறுத்து, குவீன்ஸ் பகுதியில் வேறோர் இடத்தைக் காட்டினார். குவீன்ஸ் புரூக்ளின் ஆகாது என்றார் ஓமாலி. அதே வேளையில், மூவாயிரம் மைலுக்கு ஏறத்தாழ அப்பாலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நிலம் தருவதாக அழைத்தது. புரூக்ளினை விடக் குவீன்ஸ் வேறு ஊர் என்று வாதிட்டவர், நாட்டின் மறுகரைக்கே குழுவைக் கொண்டு சென்றார். பழி ஓமாலியுடையதா மோசஸினுடையதா என்று வரலாற்றாசிரியர்கள் இருபக்கமும் எழுதியுள்ளனர். ஊராரை எவரும் கேட்கவில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

1957 செப்ரெம்பர் 24ஆம் நாள் எபெட்ஸ் மைதானத்தில் கடைசி ஆட்டம் நடைபெற்றது. வந்திருந்தோர் 6,702 பேரே. 1960 பெப்ரவரியில் மைதானத்தை இடிக்கத் தொடங்கினர். இடிக்கும் இரும்புக் குண்டின்மேல் பேஸ்போல் பந்தைப்போல வெள்ளை வர்ணமும் தையற்கோடுகளும் தீட்டியிருந்தனர். அதைக் கண்டு நகைத்தோரிலும் நைந்தோரே பலர். அவ்விடத்தில் இன்று தொடர்மாடி வீடுகள் நிற்கின்றன. பந்து விளையாடலாகாது என்னும் அறிவித்தலும் அங்கே காணப்பட்டது.

இனி, அழிந்த மைதானத்திலிருந்து எஞ்சிய பொருள்களின் கதையைக் கேட்க வேண்டும். இடிப்பு விழாவுக்கு ரோய் கம்பனெல்லா சக்கர நாற்காலியில் வந்திருந்தார். 1958 ஜனவரியில் நேர்ந்த மோட்டார் விபத்து அவருடைய உடலை முடக்கிவிட்டது. பல்லாண்டுகளாக அவர் குந்தியிருந்து பந்து பிடித்த இடத்தின் மண்ணை ஒரு கலசத்தில் இட்டு அவர் கையிலே கொடுத்தனர். மைதானத்தின் மூலைக்கல் கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்போல் நூதனசாலையைச் சென்றடைந்தது. கொடிக்கம்பமோ பல இடங்களிலே நின்று, 2012ஆம் ஆண்டில் புரூக்ளினின் பார்க்ளேஸ் அரங்கின் முன்னே நாட்டப்பட்டது. ஓமாலி புதிய மைதானம் கட்ட விரும்பிய இடம் அதற்கு மிக அண்மையிலே உள்ளது.

1955ஆம் ஆண்டின் வெற்றிக் கொடியும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கே கொண்டு செல்லப்பட்டது. 1959இல் உலகத் தொடரின்போது அங்கு சென்ற நியூயோர்க் பத்திரிகையாளர் சிலர், அது புரூக்ளினுக்கே உரியது என்று கருதி, ஒருவரும் அறியாமல் எடுத்துவந்துவிட்டனர். பின்னர் அக்கொடி புரூக்ளின் வரலாற்றுச் சங்கத்தின் பொருளாயிற்று. சட்டத்தின்படி அது களவு. புரூக்ளினில் அதைக் களவென்று சொன்னவர் அரியர்.

பொருளின் மதிப்பை எவரும் முன்னறிந்து கூற இயலாது என்பதற்கும் அவ்வூரே சான்று. இனிப்புப் பண்டத்துடன் சேர்த்துச் சிறுவர்க்கு விற்கும் ஆட்டக்காரர் படச் சீட்டுகளை அச்சிட்ட டொப்ஸ் நிறுவனம் புரூக்ளினில் இருந்தது. 1952இல் அச்சிட்டு விலைபோகாது தேங்கிய சீட்டுகளை, இடத்தை அடைக்கின்றன என்பதால், 1960ஆம் ஆண்டில் படகிலேற்றிக் கடலிலே கொட்டினர். அதே வரிசையில் தப்பிய சீட்டொன்று, யாங்கீஸ் வீரர் மிக்கி மான்டிலின் படம் தாங்கியது, 2022ஆம் ஆண்டில் 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று.

லொஸ் ஏஞ்சல்ஸிலும் அக்குழுவின் வரலாறு புகழும் வடுவும் கலந்தது. 1962இல் திறக்கப்பட்ட டொட்ஜர் மைதானம் எழுந்த சாவேஸ் பள்ளத்தாக்கில், மெக்சிக்கோ வழிவந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருந்தன. பொது வீடமைப்புத் திட்டத்துக்கென்று கூறி 1950 முதல் அவர்களை வெளியேற்றினர். வீடுகள் கட்டப்படவில்லை, நிலம் குழுவுக்குப் போயிற்று. வெளியேற மறுத்து நின்ற கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதத்தில் அதிகாரிகள் தூக்கி வெளியேற்றிய காட்சியை நாடே கண்டது. ஓர் ஊர் தன் குழுவை இழந்த கதைக்கு மறுபக்கம், ஒரு குழுவின் பொருட்டு மக்கள் தம் ஊரையே இழந்த கதை. அதே மாதத்தில்தான் கம்பனெல்லாவைப் பாராட்டுமுகமாக அந்நகரில் நடந்த ஆட்டத்துக்கு 93,103 பேர் திரண்டனர். விளக்குகளை அணைத்து, ஒவ்வொருவரும் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி உயர்த்தினர். ஒரு நகரத்தின் நெஞ்சில் இரக்கமும் இரக்கமின்மையும் அருகருகே குடியிருக்கும் என்பதற்கு அந்த ஒரு மாதமே போதும்.

அந்நகரத்து மக்களையும் குழுவையும் இணைத்தது, பெருமளவில், வானொலியே. 1950இல் புரூக்ளினில் வருணனை தொடங்கிய வின் ஸ்கலி 2016வரை அறுபத்தேழு பருவங்கள் அதே பணியில் நிலைத்து, 2022இல் காலமானார். ஆட்டத்தைக் கண்ணெதிரே காண்போரும் அவர் குரலைக் கேட்பதற்காக டிரான்சிஸ்டர் பெட்டிகளை மைதானத்துக்கு எடுத்துவந்தனர். ஸ்பானிய மொழியில் ஹைமே ஹரீன் 1959 முதல் 2022வரை வருணித்தார். 1981இல் மெக்சிக்கோ நாட்டு இளைஞர் பெர்னாண்டோ வலென்சுவேலா பந்தெறிந்து புகழ்பெற்றபோது, சாவேஸ் பள்ளத்தாக்கின் நினைவினால் குழுவை வெறுத்திருந்த குடும்பங்களிலும் பலர் மைதானத்தின் படியேறினர். 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வென்றதோடு, புரூக்ளினில் பெற்றதையும் சேர்த்து, குழுவின் உலகத் தொடர் வெற்றிகள் ஒன்பதாயின. ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒட்டானி 2024ஆம் ஆண்டில் தமது ஐம்பதாவது ஹோம் ரன்னாக அடித்த பந்து, அதை யார் முதலில் பிடித்தார் என்ற வழக்கு நிலுவையிலிருக்கும்போதே, 43 இலட்சத்து 92 ஆயிரம் டொலருக்கு விற்பனையாயிற்று.

இவ்வளவு விலை பெறாத, எனினும் இவற்றினும் பெறுமதி மிக்க பொருளொன்று கன்சாஸ் நகரத்து நீக்ரோ லீக் பேஸ்போல் நூதனசாலையிலே உள்ளது. ரொபின்சன் பிறந்த ஜோர்ஜியா மாநிலத்துக் கெய்ரோ என்னும் ஊரின் அருகே, 2001ஆம் ஆண்டில் அவருக்கு நினைவுப் பலகையொன்று நாட்டப்பட்டது. 2021இல் அப்பலகை துப்பாக்கிச் சூட்டினால் துளைக்கப்பட்டிருக்கக் கண்டனர். பெரும் லீக் அமைப்பின் பண உதவியுடன் புதிய பலகைகள் நிறுவப்பட்டன. துளைபட்ட பலகையை உருக்கிவிடவோ ஒளித்துவிடவோ இல்லை. நூதனசாலையார் அதைக் குண்டுத் துளைகளுடனேயே காட்சிக்கு வைத்தனர்.

அது நன்றாகச் செய்த செயல். வெற்றிக் கொடியும் விலையுயர்ந்த பந்தும் ஒரு குழு எதை அடைந்தது என்பதைக் கூறும். அந்தத் துளைகள், அடைந்தது எத்தகைய பகைமையின் நடுவே என்பதைக் கூறும். 1997ஆம் ஆண்டில், ரொபின்சன் அணிந்த 42ஆம் இலக்கத்தை இனி எக்குழுவும் எவருக்கும் வழங்குவதில்லை என்று பெரும் லீக் முழுவதும் விதித்தனர். 2009 முதல், ஏப்ரல் 15ஆம் நாளில் மட்டும் எல்லாக் குழுக்களிலும் எல்லா வீரரும் அந்த இலக்கத்தையே முதுகில் தாங்கி ஆடுகின்றனர். அன்று எண்ணைக் கொண்டு எவரையும் அடையாளம் காண இயலாது. வெள்ளையரும் கறுப்பரும் ஜப்பானியரும் மெக்சிக்கரும் ஒரே எண்ணுடன் களத்தில் நிற்கின்றனர். உரிமையாளர் ஒருவர் குழுவை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டு போகலாம், கட்டடத்தை இடிக்கலாம், நிலத்தை விற்கலாம். 1947இல் ஒரு வசந்த காலப் பிற்பகலில் புரூக்ளின் மைதானத்தில் நிகழ்ந்ததை மட்டும் எவராலும் எடுத்துச் செல்ல முடியவில்லை. அது இன்று எல்லா ஊருக்கும் உரியதாயிற்று.